புளி போட்டு மினுக்கிய கப்பல் மணி

ஸ்ரீஸ்கந்தராசா என்று முழுப் பெயரையும் சொல்லி அழைக்க ஒஸ்லோவில் ஒருவருக்கும் பொறுமையில்லை. தமிழருக்கு அவர் கந்தர், நோர்வேக்காரருக்கு ஸ்ரீ. அம்மரூட் முருகன் கோயிலில் அவருக்கென்று ஒரு பதவியும் கிடையாது. நிர்வாக சபையில் இல்லை, மைக்கைப் பிடித்துப் பேசியதும் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் ஐயர் உடனே, "கந்தருக்குச் சுகமில்லையோ?" என்று விசாரிப்பார். வியாழன் பின்னேரங்களில் பழப்புளி, சாம்பல், தேங்காய்த் தும்பு மூன்றையும் வைத்துக்கொண்டு மனிதர் மடைப்பள்ளியில் குந்தினால், எழும்பும்போது பித்தளையில் முகம் பார்க்கலாம். அவருக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே கர்வம் அதுதான். அந்தக் கர்வமே அவரைக் கவிழ்த்தது.

எண்பதுகளின் கடைசியில் நீர்வேலியிலிருந்து வந்தவர். முதலில் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் குளிருக்குள் நின்று மீன் வெட்டினார். பிறகு ஒஸ்லோ வந்து, தங்கேஸ்வரியை ஊரிலிருந்து கூப்பிட்டுக் கலியாணம் முடித்து, புருசெத்தில் ஒரு மாடி வீட்டில் குடியேறி, ஆஸ்பத்திரி ஒன்றின் நிலத்தைக் கழுவிக் கழுவியே முதுகை முறித்துக்கொண்டார். முள்ளந்தண்டில் ஒரு வட்டு விலகிவிட்டது என்றார் டொக்டர். சுகவீன லீவு ஒரு வருடம் இழுபட்டது. கடைசியில் வேலைவாய்ப்பு அலுவலகம் அவரை ஓரிடத்துக்குப் 'பிராக்சிஸ்' அனுப்பியது. பிராக்சிஸ் என்றால் வேலை மாதிரி, ஆனால் வேலை இல்லை. கொஞ்சக் காலம் போய் நின்று பழக வேண்டும், பிடித்துப்போனால் வைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் திரும்பவும் அலுவலகத்து வாசல்தான்.

அவரை அனுப்பிய இடம் ஒரு கப்பல். துறைமுகத்தின் ஒதுக்குப்புறமான ஒரு மூலையில் கட்டிக்கிடந்த அந்தக் கப்பலின் பெயர் 'வாக்டெயில்', அதாவது வாலாட்டிக் குருவி. விக்டோரியா மகாராணி காலத்தில் பிரித்தானியக் கடற்படைக்காகக் கட்டிய சிறிய போர்க்கப்பல். இரும்பு எலும்புக்கூடு, மேலே மரப்பலகை, மூன்று பாய்மரம், நடுவில் ஒரு புகைக்குழாய். காற்று வந்தால் பாய், காற்று விழுந்தால் நீராவி. பாயில் ஓடும்போது குழாயைக் கீழே இறக்கிவிடுவார்கள், கப்பலைத் தள்ளும் சுழலியையும் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடுவார்கள். பிற்காலத்தில் நோர்வேக்காரர் யாரோ அதை வாங்கி, சீல் வேட்டைக்கு விட்டு, பிறகு நிலக்கரி நிரப்பி வைத்து, கடைசியில் மறந்தும்விட்டார்கள். இப்போது ஒரு சங்கம் அதைத் திருத்திக்கொண்டிருந்தது. இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு வசந்தத்தில் பொதுமக்களுக்குத் திறப்பதாகத் திட்டம்.

கந்தர் அங்கே செய்தது கூட்டுவதும் துடைப்பதும் பெயிண்ட் வாளி தூக்குவதும்தான். ஆனால் ஊருக்குச் சொன்னது வேறு. "இப்ப கப்பலில வேலை" என்றுதான் சொன்னார், அதோடு வாயை மூடிக்கொண்டார். மிச்சத்தைக் கேட்டவர்களே நிரப்பிக்கொண்டார்கள். தங்கேஸ்வரியின் தம்பி ஞானரட்ணம் லோறென்ஸ்கூக்கில் தனி வீடு வாங்கி, அதன் புல்வெட்டும் இயந்திரத்தைப் பற்றியே இரண்டு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தவர். அவருக்கு முன்னால் சொல்லக் கந்தருக்கும் ஒன்று வேண்டாமா?

"மச்சான், இது திருகோணமலைக்கு வந்துபோன கப்பல், தெரியுமோ?"

"உண்மையாவோ அத்தான்? அப்ப திறப்பு விழாவுக்கு நாங்கள் எல்லாரும் வருவம்" என்றார் ஞானரட்ணம்.

திருகோணமலை உண்மைதான். அதைக் கந்தருக்குச் சொன்னவர் அல்பேர்ட். எண்பது தாண்டிய கிழவர். வாலிபத்தில் சரக்குக் கப்பல்களில் என்ஜின் அறையில் நின்றவர். மனைவி போனபின் ரொம்மனில் தனியாக இருந்து, ஒவ்வொரு நாளும் ரயிலேறி இந்தக் கப்பலுக்கு வந்து, சம்பளமில்லாமல் வேலை செய்தார். கந்தரின் அரைகுறை நோர்வேஜிய மொழியைக் கேட்டு முகம் சுளிக்காத ஒரே ஆள். கப்பலின் கதையெல்லாம் மெதுவாக, கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார். நோர்வேயில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் ஒரே 'நீ'தான். அல்பேர்ட்டை அப்படிக் கூப்பிடக் கந்தருக்கு நாக்கு கூசும். மனதுக்குள் 'நீங்கள்' என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே 'நீ' என்பார்.

கிழவருக்கு மறதி இருந்தது. தேநீரைப் போட்டுவிட்டுக் குடிக்க மறப்பார். பொலிஷ் டப்பாவும் துணியும் எப்போதும் கையில் இருக்கும். தொடக்கூடாத ஒரு நீராவி மானியை ஒரு தரம் மினுக்கிவிட்டு, வேலைக்குப் பொறுப்பான எட்வேட்டிடம் பேச்சு வாங்கினார். எட்வேட் பழம்பொருட்களைப் பேணப் படித்தவர். அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று: கேட்காமல் எதையும் சுத்தம் செய்யாதே. இந்தச் சட்டத்தைக் கந்தருக்கும் முதல் நாளே சொல்லியிருந்தார். கந்தரும் தலையாட்டியிருந்தார். புரியாவிட்டாலும் தலையாட்டுவது இருபது வருடப் பழக்கம்.

ஏப்ரலில் கப்பலின் மணி வந்து சேர்ந்தது. கப்பலை விட்டுப் பிரிந்து எங்கோ ஒரு பண்ணை வீட்டுப் பரணில் கிடந்ததாம். நல்ல வெண்கலம். ஆனால் வெளியே களிம்பு, உள்ளே ஒரே கறுப்பு. வெள்ளிக்கிழமை மத்தியானம் எட்வேட் அதை மேசையில் வாய் மேலே தெரிய வைத்து, உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்து, எல்லாருக்கும் ஏதோ வேகமாகச் சொன்னார். கந்தருக்குப் பிடிபட்டது ஒரு வசனம்தான்: திங்கட்கிழமை படம் எடுப்பவர் வருகிறார், மணியைப் படம் எடுக்க.

வெள்ளிக்கிழமை என்றால் நோர்வேக்காரர் நேரத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். கந்தர் மட்டும் நின்று மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மணியைப் பார்க்கப் பார்க்க அவருக்கு மனம் பொறுக்கவில்லை. இந்தக் கோலத்திலா படம் எடுக்கப் போகிறார்கள்? நாலு பேர் பார்க்கிற சாமான் அல்லவா? முதல் நாள் கோயிலுக்கென்று வாங்கியதில் மிஞ்சிய பழப்புளியும் தும்பும் பையிலேயே கிடந்தன. கப்பல் அடுப்பில் சாம்பல் இருந்தது. திங்கட்கிழமை காலை எட்வேட் வந்து பார்த்து அசந்துபோய், "யார் செய்தது?" என்று கேட்பார், தான் அடக்கமாக நிற்க வேண்டும் என்றுகூட மனிதர் யோசித்துவிட்டார். அந்த யோசனையை நினைத்துப் பின்னாட்களில் அவர் கூசிய கூச்சம் கொஞ்சநஞ்சமல்ல.

புளியைக் கரைத்துப் பூசினார். சாம்பலைத் தொட்டுத் தேய்த்தார். வெளிப்பக்கம் பொன் போல வந்தது. உட்பக்கத்துக் கறுப்பு லேசில் விடவில்லை. கோடு கோடாக, திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. விளக்கின் கரி இப்படித்தான் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். தும்பை மாற்றி மாற்றி, முதுகு நோவையும் பார்க்காமல், கடைசிக் கோடு போகும்வரை தேய்த்தார். துடைத்து, துணியால் மூடிவிட்டு, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை எட்வேட் துணியை எடுத்தார். அசந்துதான் போனார். ஆனால் கந்தர் எதிர்பார்த்த மாதிரியல்ல. முகத்தில் இரத்தமில்லை. மணிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

அவர் சொன்னதை இந்தத் தரம் சங்கத்துப் பெடியன் ஒருவன் கந்தருக்கு மெதுவாக விளக்கினான். கடற்படையில் ஒரு வழக்கம் இருந்ததாம். கப்பலில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதென்றால் மணியைக் கழற்றித் தலைகீழாக வைத்து, அதில் தண்ணீர் விட்டுத்தான் கொடுப்பார்கள். பிறகு அந்தப் பிள்ளையின் பெயரை மணியின் உள்ளே எழுதுவார்கள். சில கப்பல்களில் வெட்டி எழுதினார்கள். வாக்டெயிலில் தச்சன் கறுப்பு மையால் எழுதியிருந்தான். அழுக்குக்கு அடியில் நாலு பெயர் இருந்தது. ஒன்றின் கீழே மட்டும் ஊர் தெரிந்தது, திருகோணமலை என்று. பெயர்களை இனித்தான் வாசிக்க இருந்தார்கள். வேறெங்கும் அவை பதியப்படவில்லை. அதற்காகத்தான் படம் எடுப்பவர் வந்து வாசலில் நின்றார்.

எட்வேட் மணியின் நாக்கு தொங்கும் கொக்கியிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு சின்ன நாரை எடுத்து, சணலாக்கும் என்று மேசையில் வைத்தார். அது புளியின் நார். கந்தருக்கு அது தெரிந்தது. வாயைத் திறந்தார். அதற்குள் எட்வேட்டின் கண் மேசையின் மறு ஓரத்துக்குப் போய்விட்டது. அங்கே அல்பேர்ட்டின் பொலிஷ் டப்பா இருந்தது. சனிக்கிழமை கிழவர் வழக்கம்போல வந்து, மணியின் பக்கத்தில் குந்தியிருந்து, போகும்போது அதை மறந்து விட்டுப் போயிருக்கிறார்.

"அல்பேர்ட், நீயா?" என்று எட்வேட் கேட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அல்பேர்ட் மணியைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார். "சனிக்கிழமை நான் இங்கே இருந்தேன்" என்றார். பிறகு, "நானாகத்தான் இருக்க வேண்டும்" என்றார்.

இந்த இடத்தில் கந்தர் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அந்தக் கிழமைக்குள்தான் அவரை நிரந்தரமாக எடுப்பதா இல்லையா என்று முடிவாக இருந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்து வாசல் கண்ணுக்கு முன் வந்தது, லோறென்ஸ்கூக் மச்சானின் சிரிப்பும் வந்தது. அல்பேர்ட் கப்பலின் கதவுத் திறப்பைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். கந்தர் கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியைப் பிடித்தபடி நின்று பார்த்தார். அவ்வளவு வெட்கம் கெட்ட மௌனத்தை அவர் தன் வாழ்நாளில் அதற்கு முன் சாதித்ததில்லை.

சாப்பாட்டு மேசையில் தங்கேஸ்வரிக்குச் சொன்னார். அவள் முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் வேலை செய்பவள்.

"நான்தான் மினுக்கினனான், தங்கேஸ்."

"அப்ப ஏனப்பா வாயைத் திறக்கேல்லை?"

"அந்த வேலை..."

"வேலை போனா வேற வேலை. உங்களுக்கு ஒண்டு விளங்குதோ? கிழவனுக்கு மறதி எண்டு ஒருக்கா எல்லாரும் சொல்லிப்போட்டால், பிறகு அந்த ஆளே அதை நம்பத் துவங்கிவிடும். நான் நெடுகப் பாக்கிறனான். நடந்து வாற ஆக்கள், ஆறு மாசத்தில தங்கட கையால கரண்டி பிடிக்கப் பயப்பிடுதுகள்."

கந்தர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அவள் இன்னொரு கரண்டி குழம்பை விட்டுவிட்டு, "நாளைக்கே போங்கோ" என்றாள்.

போனார். ரொம்மனில் அல்பேர்ட்டின் வீட்டுக் கதவு திறந்ததும் வெறும் ரொட்டி வாசம்தான் வந்தது. கிழவர் சட்டையை ஒழுங்காகப் போட்டிருந்தார். ஆனால் வீடு குளிர்ந்து கிடந்தது.

"தேநீர் தர முடியாது. மகள் வந்து அடுப்பைக் கழற்றிவிட்டாள்" என்றார் அல்பேர்ட். "மணியை அழித்தவன் வீட்டையும் எரித்துவிடுவான் என்கிறாள். அவள் சொல்வதும் சரிதான்."

கந்தர் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வசனத்தைச் சொன்னார். "மணி, நான். நீ இல்லை. நான் செய்தேன்."

அல்பேர்ட் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண் கலங்கி, கந்தரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஸ்ரீ, நீ நல்லவன். உங்கள் நாட்டில் பெரியவர்களுக்காக இப்படியெல்லாம் செய்வீர்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்காகப் பொய் சொல்லாதே. இப்போது எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. துணியால் தேய்த்தேன். உள்ளே கறுப்பாக இருந்தது. போகவே மாட்டேன் என்றது."

கந்தர் திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லச் சொல்லக் கிழவர் அவர் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். தன் குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்த இடத்தில் உத்தமன் பட்டம் வாங்கிக்கொண்டு படியிறங்கிய வெட்கத்தை என்னவென்று சொல்வது!

அடுத்த நாள் எட்வேட்டிடம் போனால் அங்கேயும் அதே கதை. "அல்பேர்ட் தொலைபேசியில் சொன்னான், நீ இப்படி வந்து நிற்பாய் என்று" என்று சிரித்தார் எட்வேட். கந்தரின் தோளில் கையை வைத்து, நிரந்தர வேலை அவருக்குத்தான் என்றும் சொன்னார். நோர்வேஜிய மொழியில் அவருக்குத் தடுமாறாமல் வருகிற ஒரே சொல் நன்றி. அதுதான் வந்தது. சொல்லிவிட்டுக் கழிவறைக்குள் போய், கதவைப் பூட்டிக்கொண்டு, தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்காமல் நின்றார்.

திறப்பு விழா மே மாதம் ஒரு சனிக்கிழமை. காலையில் தங்கேஸ்வரி பழப்புளியை உருண்டையாகப் பிடித்து, சாம்பலும் தும்பும் சேர்த்து ஒரு பையில் போட்டு அவர் கையில் தந்தாள்.

"சொல்லத் தெரியாட்டிச் செய்து காட்டுங்கோ" என்றாள்.

"உம்மட தம்பி ஆக்களும் வருவினமே."

"வரட்டும். பாக்கட்டும்."

கப்பலில் கொடி கட்டியிருந்தது. புகைக்குழாய்க்குப் புதுக் கறுப்புப் பெயிண்ட். மணியைப் பாய்மரத்தடியில் தொங்கவிட்டிருந்தார்கள். வேறென்ன செய்வது? வெயிலில் அது தகதகவென்று இருந்தது. ஞானரட்ணம் கோட்டுச் சூட்டோடு குடும்பத்தையும் கோயில் ஆட்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு வந்து, வீடியோ கமராவோடு நின்றார். விருந்தினர் கதிரைகளில் கடைசியில் அல்பேர்ட் இருந்தார். பழைய மாலுமிக் கோட்டு. யாராவது எதையாவது கேட்டால் பதில் சொல்வதற்குமுன் பக்கத்தில் இருந்த ஆளின் முகத்தைப் பார்த்தார்.

பேச்சுகள் முடிந்ததும் கந்தர், தேவையில்லை என்று ஒதுக்கிய சாமான் பெட்டியிலிருந்து கறுத்துப்போன ஒரு பித்தளை விளக்கை எடுத்துக்கொண்டு வந்தார். மணிக்கு நேரே தளத்தில் குந்தினார். பையை அவிழ்த்தார். புளியைக் கரைத்து, சாம்பலைத் தொட்டு, தேய்க்கத் தொடங்கினார். கைக்கு வேலை தெரியும்.

சனம் கூடியது. கறுப்புக்கு அடியிலிருந்து மஞ்சள் கிளம்பக் கிளம்ப ஒருவர் "ஓ" என்றார், இன்னொருவர் படம் எடுத்தார். ஞானரட்ணம் கமராவை உயர்த்தி, "பாருங்கோ, எங்கட அத்தான் எங்கட முறையை இவையளுக்குக் காட்டுறார்!" என்று கைதட்டினார். கோயில் ஆட்களும் தட்டினார்கள். கந்தர் தலையைத் தூக்கவில்லை. அந்தக் கைதட்டல் ஒவ்வொன்றும் கன்னத்தில் விழுவது போல இருந்தது.

எட்வேட் மட்டும் தட்டவில்லை. குனிந்து, விளக்கின் கொக்கியில் சிக்கியிருந்த ஒரு பழுப்பு நாரை எடுத்தார். விரலில் வைத்துப் பார்த்தார். நிமிர்ந்து மணியைப் பார்த்தார்.

"உண்மையாகவே நீதானா?"

"ஆம். வெள்ளிக்கிழமை. எல்லாரும் போனபிறகு. அல்பேர்ட் தொடவில்லை."

எட்வேட் அந்த நாரைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் போட்டார். "உன் வேலையைப் பற்றித் திங்கட்கிழமை பேசுவோம்" என்றார். "அல்பேர்ட்டின் மகளுக்கு இன்றைக்கே சொல்கிறேன்." அந்தக் குரலில் பழைய சிநேகம் இல்லை. கந்தருக்கு அது நியாயமாகப் பட்டது. பல நாளைக்குப் பிறகு முதல் தடவையாக மூச்சு ஒழுங்காக வந்தது.

எட்வேட் போய் அல்பேர்ட்டைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். "அல்பேர்ட், நீ இல்லை. ஸ்ரீதான். நாங்கள் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்."

கிழவர் அதைக் கேட்டாரோ என்னவோ. அவருடைய கண் பாதி மினுங்கிய விளக்கில் இருந்தது. முழங்காலை ஊன்றி மெதுவாகக் கந்தரின் பக்கத்தில் இருந்தார். தும்புக்காகக் கையை நீட்டினார். கந்தர் கொடுத்தார். அல்பேர்ட் அதைப் புளியில் தோய்த்து, மிச்சக் கறுப்பின் மேல் வட்டம் வட்டமாகத் தேய்த்தார். என்ஜின் அறையில் ஆயுள் முழுக்கப் பித்தளை தேய்த்த கை அது. ஒரு பிசகில்லாமல் போனது.

மஞ்சள் தெரிந்ததும் எட்வேட்டை நிமிர்ந்து பார்த்தார்.

"பார்த்தாயா? மணியைத் தேய்த்ததும் நான்தான்" என்றார் அல்பேர்ட். "கைக்கு ஞாபகம் இருக்கிறது."